முப்பத்திரண்டு காலர்கள்

பாப்பாவின் அப்பாவுக்கு,

உங்கள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகமாகத்தான் இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை. எப்போது கேட்டாலும் "பரவாயில்லை" என்ற ஒரே பதிலை வைத்திருக்கிறீர்கள், அதை நான் நம்புவதாக இல்லை. கிரேனில் ஏறி இறங்கும்போது பெல்ட்டைக் கட்டிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் போனிலேயே பேசலாம்தான். ஆனால் இருப்பது ஒற்றை அறை. நான் போனை எடுத்தால் பாப்பா புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு காதை மட்டும் இங்கே கொடுப்பாள். அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூட விஷயம்தான். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் புதிதாகக் கொண்டுவந்த ஆயத்த ஆடைப் பயிற்சிப் பிரிவில் பாப்பா சேர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். படிப்போடு ஒரு தொழிலும் கைக்கு வரும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிற்சி அறை வாசலில் எங்கள் கம்பெனியின் பலகை தொங்குகிறதே, அது எதற்கு? பதினான்கு வருடமாக, தைத்து வரும் சட்டைகளில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் நின்றே எனக்குக் கால் வீங்கிப்போன அதே கம்பெனி. படிப்பு முடிந்ததும் நேரடி வேலை என்று எங்கள் மேனேஜர் பள்ளிக்கூடத்துக்கே வந்து சிரிக்கச் சிரிக்கப் பேசினாராம். எங்களிடம் அவர் ஒரு நாளும் சிரித்ததில்லை. கணக்கில் தொண்ணூறு வாங்குகிற பிள்ளையைத் தையல் லைனில் உட்காரவைக்கத்தான் இத்தனை ஏற்பாடும் என்று என் மனசு அரித்துக்கொண்டே இருந்தது. அவளைக் கணிதப் பிரிவுக்கு மாற்றும் படிவத்தை உங்கள் கையெழுத்துக்காகப் போன வாரம் அனுப்பியதும் அதனால்தான். மாத முடிவுக்குள் கொடுத்தால்தான் மாற்றுவார்கள்.

புதன்கிழமை பெற்றோர் கூட்டம். அரை நாள் லீவு போட்டுவிட்டு, வேண்டுமென்றே சீக்கிரமாகப் போனேன். பயிற்சி அறையில் நான்கு மெஷின். மூன்றுக்கு இன்னும் உறைகூடப் பிரிக்கவில்லை. பிள்ளைகளோ முப்பத்திரண்டு பேர். மேஜையில் முப்பத்திரண்டு ரெக்கார்டு நோட்டு, ஒவ்வொன்றிலும் குண்டூசியால் குத்திய ஒரு சட்டைக் காலர். ஒரே மெஷினில் இத்தனை பேர் எப்போது உட்கார்ந்து தைத்தார்கள்? என் கை சும்மா இருக்குமா? ஒரு காலரை எடுத்து உட்பக்கம் புரட்டினேன்.

காலர் முனையில் அப்படியே திருப்பித் தைத்தால், புரட்டும்போது முனை மொத்தையாகிவிடும். அதனால் அந்த இடத்தில் ஒரே ஒரு தையலைக் குறுக்கே சாய்த்துப் போட்டுத்தான் எங்கள் லைனில் திருப்புவார்கள். பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன், அதில் அப்படி ஒரு தையலே இல்லை. ஆனால் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தால், முப்பத்திரண்டு காலரிலும் அது இருந்தது. எல்லாம் ஒரே கை, அதுவும் கம்பெனிக் கை.

அங்கே பயிற்சி கொடுக்கிறவள் ஒப்பந்த வேலைக்கு வந்திருக்கும் சின்னப் பெண். "எங்க கம்பெனி ஆள் யாரையோ வெச்சுத் தெச்சு வாங்கிக் குத்தி வெச்சிருக்கீங்க. அப்புறம் எங்க பிள்ளைங்க என்னதான் கத்துக்கிட்டாங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் முகம் வெளுத்துப்போனது, வாயே திறக்கவில்லை. தலைமை ஆசிரியை என்னிடம் புகாராகவே எழுதி வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை விசாரணை என்றார். திருடனைப் பிடித்த போலீஸ் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

பாப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது முன்னால் வந்து நின்று, "டீச்சர் மேல தப்பு இல்லம்மா. எல்லாத்தையும் நான்தான் தெச்சேன்" என்றாள். நான் நம்பவில்லை. இந்த வேலை அவள் கைக்கு வரவே கூடாது என்று வீட்டில் மெஷின் வாங்காதவள் நான், ஊசிகூட அவளிடம் கொடுத்ததில்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்து அனுப்பினாளா என்று குடைந்தெடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து எதிர்வீட்டு அக்காவின் மெஷினுக்கு இழுத்துக்கொண்டு போனாள். துணியை வைத்தாள், ஓட்டினாள், முனை வந்ததும் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி ஒரு தையலைச் சாய்த்துப் போட்டாள்.

கரித்துணிக்கு ஆகுமே என்று நான் கொண்டுவரும் கழிவுக் காலர்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே படித்துக்கொண்டாளாம். மெஷின் ஒன்றே ஒன்று என்பதால் மற்றப் பிள்ளைகளுக்கு முறையே வரவில்லை. ஆய்வுக்கு ஆட்கள் வரும் தேதி நெருங்கியதும் எல்லாரும் இவளைக் கெஞ்சியிருக்கிறார்கள். மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருக்கிறாள். டீச்சருக்கு அது தெரியும். அன்று வாயைத் திறந்திருந்தால் மாட்டுவது பாப்பா. அதற்காகத்தான் அத்தனை பேர் நடுவில் அவர் பேசாமல் நின்றிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை பாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன். அவள் நோட்டு தள்ளுபடியானாலும் ஆகட்டும், என்னால் அந்த டீச்சரின் வேலை போகக்கூடாது. மூன்று மெஷினுக்கு ஏன் இன்னும் உறை பிரிக்கவில்லை என்றும் கேட்பேன், விடமாட்டேன். மேனேஜரின் சிரிப்பையும் நான் இன்னும் நம்பவில்லை.

படிவத்தில் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். எந்தப் பிரிவு வேண்டும் என்று கேட்டால் "நீ சொல்றபடி" என்கிறாள், என் முகத்தைப் பார்க்காமலேயே. நீங்கள் போன் போட்டு அவளிடமே கேளுங்கள். உங்களிடம் என்றால் உள்ளதைச் சொல்வாள். அவள் எதைச் சொன்னாலும் நான் கட்டுப்படுகிறேன்.

இன்னும் ஒன்று. தைத்து முடித்து, காலரைப் புரட்டி என் கையில் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முனை ஊசி மாதிரி நின்றது. இத்தனை வருடத்தில் அப்படிப்பட்ட முனையை நாலைந்து பேர் கையில்தான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் குறை பார்த்தே பழகிய இந்த வாயில் வந்தது, "நூல் கொஞ்சம் இழுக்குது பாரு" என்பதுதான். தலையைக் குனிந்துகொண்டு, சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நூல் இழுக்கவே இல்லை. அதை நீங்கள் அவளிடம் சொல்லுங்கள். அம்மாதான் எழுதியிருந்தாள் என்றும் சொல்லுங்கள்.

உங்கள் உடம்பு நோகாமல் இருக்க வேண்டிக்கொண்டு,
நீங்கள் சந்தேகப்பிராணி என்று கூப்பிடும்
உங்கள் மனைவி