சுனையோரம் வைத்த டப்பாக்கள்

வைகாசி 11, இரவு

தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் மரவள்ளி மாவும் சேர்த்து நான் செய்யும் டியோடரண்ட், எங்கள் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் உருகிச் சிக்கு வாடை அடிக்கிறது. ஈரம் படாமல் குளிர்ச்சியில் இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. அதனால் டப்பாக்களை இறுக மூடி, பானையில் போட்டு, சுனையோரப் பாறை இடுக்கில் வைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

சோளக்காடு ஊர்க் கடைக்குக் கொடுக்கலாம் என்று இன்று சாயங்காலம் எடுக்கப் போனேன். பானை உடைந்து கிடந்தது. பிளந்த டப்பாக்களில் ஒரு பொட்டு மிச்சமில்லை. பக்கத்துத் தோட்டத்து மணியக்கா பாறையில் இருந்த கீறல்களைப் பார்த்தாள்.

"கரடி வந்திருக்குது கண்ணு. மெழுகு வாசத்துக்குத்தான். ருசி கண்டுடுச்சு, இனி தேடிட்டு வரும்."

வீட்டுக்கு ஓடிவந்தேன். என் வீட்டுக்காரர் மரவள்ளிக் காட்டுக்குப் பன்றிக் காவலுக்குப் போய்விட்டிருந்தார். அலமாரியில் இருந்த டப்பா பாதி காலி. காலையில் நான்தான் சொன்னேன்.

"ஏனுங்க, ராத்திரி பூரா தாங்குதான்னு பாக்கோணும். நல்லாப் பூசிட்டுப் போங்க."

"கழுத்து வரைக்கும் பூசிக்கறேன் புள்ள," என்று சிரித்தார்.

கூப்பிட்டுப் பார்த்தேன், அவர் போனை எடுக்கவில்லை. மணியக்காவின் மகன்கள் டார்ச்சோடு போயிருக்கிறார்கள். குழந்தையைத் தனியே விட்டு நான் போக முடியவில்லை. சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவியும் என் கையில் அந்த வாசம் அப்படியே இருக்கிறது.

விடியும்வரை வாசம் போகக்கூடாது என்றுதானே செய்தேன்.