பாய் உயரம்

இன்று காலை பன்பாய்க் கட்டு ஒன்று கடை வாசலில் வந்து இறங்கியது. கயிற்றை அறுத்ததும் காய்ந்த பன்புல்லும் சாயமும் கலந்த அந்த மணம் உள்ளே பரவிற்று. எனக்கு அது சரக்கின் மணம். ஈரம் இருக்கிறதா, சாயம் ஒட்டுமா என்று முகர்ந்து பார்த்துத்தான் விலை பேசுவேன். இன்றைக்கு விலை வாயில் வரவில்லை. மேல்மாடியில் சம்மணமிட்டு, கண்ணில் கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு, வெறுங்காற்றை அளைந்துகொண்டிருந்த நீதான் நினைவில் வந்தாய்.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்த சிநேகிதிகள் நாம். நீ கொழும்புக்குப் போய்க் கணினி படித்தாய். நான் செங்கலடிச் சந்தையில் தலைச்சுமையாகப் பாய் விற்று, பிறகு கடை பிடித்தேன். கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்து நீ என் மேல்மாடியைக் கேட்டபோது, வியாபாரி கேட்கிற முதல் கேள்வியைத்தான் நானும் கேட்டேன்.

"என்னத்த விக்கப் போறாய்?"

"இந்தப் பெட்டிக்குள்ள ஆக்கள் உலகம் செய்யிறாங்க கா. கடல், வீடு, ஆசுபத்திரி எண்டு என்னவும் செய்யலாம். அப்பிடிச் செய்யிறவங்களுக்கு நாங்க கணினியில சாமான் செய்து குடுக்கப் போறம்."

"அப்ப நீ உலகம் செய்யல்லையா?"

"இல்ல கா. மேசன் வீட்டைக் கட்டுவான். நான் அவனுக்குத் தூக்குக்குண்டு செய்து குடுக்கிற ஆள்."

அது எனக்குச் சட்டென்று விளங்கியது. "நானும் பாய்தான் விக்கிறன், நித்திரை விக்கல்ல" என்றேன். நீ சிரித்த சிரிப்பில், கீழே பாய் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்து, கட்டாருக்கோ கொழும்புக்கோ போகக் காத்திருந்த பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டாய். துஷிதான் அவர்களில் கெட்டிக்காரி. எல்லோருக்கும் நீ 'அக்கா'. உட்காரக் கதிரை வாங்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாய்க்கடைக்கு மேலே இருக்கிறவர்களுக்குக் கதிரை என்னத்துக்கு? நல்ல பாயாகப் பார்த்து விரித்துவிட்டேன். மின்விசிறியும் தாழத் தொங்கியது. பெட்டியை மாட்டிக்கொண்டு எழும்பினால் கை அடிபடும். அதனால் உங்கள் வேலையெல்லாம் பாயில் இருந்தபடியே நடந்தது.

உங்கள் சாமானால் என்ன செய்யலாம் என்று காட்ட, மாதிரிக்கு நம் வாவியையே செய்து வைத்திருந்தாய். ஒரு மத்தியானம் என்னை இழுத்து இருத்திப் பெட்டியை மாட்டிவிட்டாய். சுவர் போனது. கடையும் சந்தியும் பஸ் இரைச்சலும் போயின. நான் ஒரு வள்ளத்தில் இருந்தேன். கண்டல் வேர்களுக்கு நடுவே விடியற்காலை வெளிச்சம் தண்ணீரில் நடுங்கியது. சேலை நனைந்துவிடும் என்று கரையைத் தூக்கிப் பிடித்தேன். பிள்ளைகள் சிரித்தது கேட்டது. வெட்கமாக இல்லை. ஆயுசு முழுக்க வாவியைக் கடந்து போய்வந்தவள், அன்றைக்குத்தான் அதை வாய் பிளந்து பார்த்தேன்.

தண்ணீரைத் தொடக் கையை நீட்டினேன். எட்டவில்லை.

"நீ நெட்டச்சி. கொஞ்சம் கூனி இரி கா" என்றாய்.

கூனினேன். தண்ணீர் விரலில் பட்டு வளையம் விரிந்தது. ஏன் கூன வேண்டும் என்று நானும் கேட்கவில்லை, உங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

பிறகு சிங்கப்பூரில் இருந்து அந்த மனிதர் வந்தார். பெட்டிக்குள் உலகம் செய்கிற பெரிய கம்பனி ஒன்றின் ஆள், தமிழர். உங்கள் சாமான் அவருக்குப் பிடித்தால் பிள்ளைகள் ஊரோடு நிற்பார்கள். பிடிக்காவிட்டால் மேல்மாடியைப் பூட்டிவிட்டு நீ திரும்பவும் கொழும்புக்கு. அதை எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாய்.

வந்த மனிதரைத் தரையில் இருத்துவதா? பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் கதிரை ஒன்றை இரவல் வாங்கித் துடைத்து நான்தான் போட்டேன். அவர் பெட்டியை மாட்டியதும் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க இது! படகு கீழே கிடக்குது, நான் ஆகாயத்துல தொங்குறேன்!"

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பாயில் இருந்து பார்த்துப் பார்த்தே, அந்த உலகத்தின் தரையை நீங்கள் பாயில் இருக்கிறவரின் கண்ணுக்கு அளவாக வைத்துவிட்டீர்கள். ஒருவரும் ஒருநாளும் கதிரையில் இருந்து பார்த்ததில்லை.

நான் என்றால் ஏதாவது சாட்டுச் சொல்லிச் சமாளித்திருப்பேன். நீ சொல்லவில்லை. "பிழை எங்கடதான் ஐயா. நாங்க எல்லாரும் பாயில இருந்து வேலை செய்யிற ஆக்கள். நீங்களும் ஒருக்கா கீழ இருந்து பாருங்க" என்று கதிரையைப் பின்னால் பிடித்தாய்.

அவர் தயங்கித் தயங்கித்தான் பாயில் அமர்ந்தார். மெல்லக் குனிந்து தண்ணீரில் கையை விட்டார். பெட்டியைக் கழற்றியபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கம்மா சக்கர நாற்காலியில இருக்காங்க. இதை மாட்டிவிட்டா, எந்த உலகத்துலயும் மேசைக்கு அடியில கிடக்குற மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. எல்லாரும் நிக்கிறவங்களுக்கே செய்றாங்க. உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும் படுத்திருக்கிறவங்களுக்கும் உயரத்தை மாத்திக்குற மாதிரி உங்க சாமான்ல ஒண்ணு சேர்க்க முடியுமா?"

"ஓம், செய்வம்" என்றாய், யோசிக்காமலே.

அவர் போன பிறகு என் தோளில் தட்டினாய். "நல்ல காலம், நீ கதிரை வாங்கித் தரல்ல."

மேல்மாடி பூட்டப்படவில்லை. நீதான் விழுந்தாய். நோய் உன்னைக் கட்டிலில் போட்ட பிறகும் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாய். படுத்திருந்து பார்க்கிறவர்களுக்கான உயரத்தை நீயே படுத்திருந்து சரிசெய்தாய். "இப்பதான் கா சரியான சோதனை நடக்குது" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் பெட்டிக்கு வெளியே தெரிந்த உன் வாயில் வலி இல்லை. எங்கேயோ வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தாய். பிறகு ஒரேயடியாகப் போய்விட்டாய்.

இன்று பாய்க் கட்டை அவிழ்த்துவிட்டு, புதுப்பாய் ஒன்றை மேலே கொண்டுபோனேன். துஷி ஒன்று சொன்னாள். உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கான அந்த அமைப்புக்கு நீங்கள் 'பாய்' என்றே பெயர் வைத்தீர்களாம். வேறு அளவு கொடுக்காவிட்டால் அது ஓர் உயரத்தில் தொடங்குமாம்.

"ஆர்ர உயரம் மகள்?"

"அக்காட உயரம்தான். முதல் அவவத்தான் அளந்தம். ஒருத்தரும் மாத்தல்ல."

வாவியைக் கண்டேயிராத யாரோ ஒருவர், எந்த நாட்டிலோ, உங்கள் சாமானைத் திறந்து உட்காருகிறார். அவர் செய்யப்போகிற உலகத்தை முதலில் உன் கண் இருந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறார். அளந்து விற்கிறவள் நான். இதற்கு எந்த முழக்கோலைப் பிடிப்பேன்?

புதுப்பாயை விரித்து இருந்தேன். துஷி பெட்டியை மாட்டிவிட்டாள். அதே கண்டல், அதே விடியல். கையை நீட்டினேன். எட்டவில்லை.

கொஞ்சம் கூனி இருந்தேன். தண்ணீர் விரலில் பட்டது.