இரண்டு மணித்தியாலம் என்று அச்சடித்த பொய்

இன்று காலை நீர்வேலி மருந்துக்கடையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கையில் தந்தார்கள். அச்சு மை மணம் போகவில்லை. ‘ஒட்சிசன் இயந்திரம் வாடகைக்கு. பழுதானால் இரண்டு மணித்தியாலத்துக்குள் மாற்று இயந்திரம்.’ நீ இறந்து ஒரு வருடமாகிறது. நாம் ஒன்றாய் வேலை செய்த பழைய கந்தோர் அதே பொய்யைப் புதிதாக அச்சடித்திருக்கிறது.

அங்கே நீ முறைப்பாட்டுத் தொலைபேசியில். பக்கத்து மேசையில் நான் தட்டச்சில். வாடிக்கையாளருக்கு நாம் கொடுத்த வாக்கு நான்கு மணித்தியாலம். இரண்டு என்பது நமக்குள் வைத்திருந்த இலக்கு. வாகனம் இடைவழியில் நின்றாலும், மழையில் வீதி மூடினாலும் வாக்குத் தவறக்கூடாது என்றுதான் அந்த இடைவெளி. ஒருநாள் முகாமையாளர் இலக்கையே பிரசுரத்தில் போடச் சொன்னார்.

“சேர், உது நாங்கள் ஓடிப் பிடிக்கப் பாக்கிற நேரம். சனத்துக்குக் குடுக்கிற வாக்கில்லை” என்றாய்.

“போட்டால் ஆக்கள் வருவினம். பிந்தினால் பிறகு பாப்பம்” என்று சிரித்தார்.

நான் தட்டச்சுச் செய்து கொடுத்தேன்.

அந்த மாரியில் புத்தூரில் ஒரு முதியவரின் இயந்திரம் நின்றுபோனது. மூன்றரை மணித்தியாலத்தில் நம் வாகனம் போனது. பழைய வாக்கின்படி பிந்தவில்லை. ஆனால் அதற்குள் உதடு நீலம் பாரித்து, அவரை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். உயிர் தப்பினார். அடுத்த கிழமை மகள் கந்தோருக்கு வந்தாள்.

“ரெண்டு மணித்தியாலம் எண்டு எழுதினபடியால்தான் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். நாலெண்டால் அப்பவே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பன்.”

முகாமையாளர் கூசாமல் சொன்னார்: “அது எங்கடை உள் இலக்கு, தங்கச்சி. வாக்கெண்டு ஆர் சொன்னது?”

நீ எழுந்து பிரசுரத்தை அவர் முன்னால் வைத்தாய். “சத்தமா வாசியுங்கோ, சேர்.” அவர் அதைக் கவிழ்த்து வைத்தார். நீ கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாய். நான் இன்னும் மூன்று மாதம் அந்தக் கதிரையிலேயே இருந்தேன். அந்த ஆளை நினைத்தால் வரும் அருவருப்பில் பாதி என்மேலும்தான்.

நீ நோய்க்கட்டிலில் கிடந்தபோது அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். “விடடி” என்றாய். “இப்ப அந்த போனை ஆர் எடுக்கினம்?”

இப்போது தண்ணீர்ப் பம்பி திருத்தும் இடமொன்றில் தொலைபேசி எடுக்கிறேன். “எப்ப வருவியள்?” என்று தோட்டக்காரர் கேட்பார்கள். திருத்துபவர்களிடம் இன்று பின்னேரமே போகச் சொல்வேன். கேட்டவரிடம் “நாளைக்கு மத்தியானத்துக்கு முந்தி” என்றுதான் சொல்வேன். சிலர் ஏசிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும். பயிர் வாட முன்னம் வேறு ஆளையாவது தேடிப் போவார்கள்.