பழையதைப் பேசுகிறவள்

கொல்லயில்,
2 ஜூன் 2024

அன்புத் தங்கை பிந்துஜாவுக்கு,

அண்ணன் ஜஸ்டஸ் எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் தபால். பேப்பரில் உன் படம் பார்த்தோம். நம் விளையில் நான் கிணறு தோண்டும்போது கிடைத்த முதுமக்கள் தாழிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறாய். கீழே ‘ஆர்க்கியாலஜிஸ்ட்’ என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என்ன என்று அம்மை கேட்கிறாள்.

அவள் படுக்கையில் விழுந்து இரண்டு மாதம். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்திலேயே தன்னையும் அடக்க வேண்டும் என்கிறாள். வேறொன்றும் கேட்கவில்லை. அந்த இடம் இப்போது நீங்கள் தோண்டுவதற்காகப் போட்ட வேலிக்குள் கிடக்கிறது. நாலடி தள்ளிப் போடச் சொல் மக்கா. நீ சொன்னால் நடக்கும் என்று உங்கள் ஆட்களே சொன்னார்கள்.

உன் அண்ணன்,
ஜஸ்டஸ்

மைசூரு,
14 ஜூன் 2024

பிரியமுள்ள அண்ணனுக்கு,

அம்மாவுக்கு என் முத்தம். ‘ஆர்க்கியாலஜிஸ்ட்’ கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘ஆர்க்கையோஸ்’ என்றால் பழையது, ‘லோகோஸ்’ என்றால் பேச்சு. பழையதைப் பேசுகிறவர் என்று பொருள். பழங்கதைகளை மேடையில் நடித்தவர்களையும் ஒரு காலத்தில் அப்படி அழைத்தார்கள் என்று படித்திருக்கிறேன். தமிழில் தொல்லியலாளர். மண்ணுக்குள் கிடப்பவர்களுக்காக உன் மகள் பேசுகிறாள் என்று அம்மாவிடம் சொல், சந்தோஷப்படுவாள்.

வேலி விஷயம் கஷ்டம் அண்ணா. மழை விட்டதும் அடுத்த குழி அங்கேதான். சொந்த வீட்டுக்காக மாற்றினேன் என்று எனக்குக் கெட்ட பெயர் வரும். அம்மா எழுந்து நடப்பாள், இப்போது எதற்கு அந்தப் பேச்சு?

அன்புடன்,
பிந்து

கொல்லயில்,
9 ஜூலை 2024

பிந்துஜாவுக்கு,

உன் கடிதத்தை அம்மைக்கு வாசித்தேன். நடிக்கிறவர்கள் என்ற இடத்தை விட்டுவிட்டேன். கேட்டுவிட்டு, “அப்போ நான் செத்த பொறவு என்னையப் பத்தியும் பேசுவா ஆக்கும்” என்றாள்.

வியாழக்கிழமை அவள் போனதும் கூப்பிட்டுச் சொன்னேன், அன்றைக்கு மட்டும் போனை எடுத்தாய். டெல்லியில் மீட்டிங், முடித்துவிட்டு வருகிறேன் என்றாய். ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தோம். பிறகு சபைக் கல்லறைத் தோட்டத்தில் மதில் ஓரமாக அடக்கம் செய்தோம். அப்பா இங்கே, அவள் அங்கே. உன் வேலிக்குள் யாரோ ஒருவருடைய எலும்பு நனையாமலிருக்கக் கூரை போட்டிருக்கிறார்கள். அம்மையின் குழியில் தண்ணீர் கோரித்தான் பெட்டியை இறக்கினோம்.

கல்லில் பெயர் வெட்டியாயிற்று. ‘மகன் ஜஸ்டஸ்’ என்று மட்டும் போடச் சொன்னேன். ஆயிரம் வருஷம் கழித்து உன்னைப் போல் ஒருத்தி தோண்டி எடுத்தால், இவளுக்கு ஒரே பிள்ளை என்று எழுதுவாள். எழுதட்டும்.

ஜஸ்டஸ்