சூட்டுக் கொப்புளம்

அன்பு மகளே,

"உதட்டுல என்னப்பா கொப்புளம்?" என்று அன்று கேட்டாய். "சூடும்மா. கத்திக் கத்திப் பாடம் எடுத்த வாயாச்சே!" என்று சிரித்து மழுப்பிவிட்டு, பச்சைக் குழந்தையை வாங்கி முத்தமிட்டேன்.

அது சூடல்ல, முத்தத்தில் தொற்றக்கூடிய வைரஸ் என்று எனக்குத் தெரியும். சொன்னால் பேரனைத் தரமாட்டாயோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அவன் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். ஆன்டிபயாடிக் ஏற்றுகிறார்கள் என்கிறாய். அது பாக்டீரியாவுக்கான மருந்து. பாக்டீரியா சொந்த அடுப்பில் சமைத்துப் பிழைக்கும் குடித்தனக்காரன். மருந்து அந்த அடுப்பை உடைக்கும். வைரஸுக்கு அடுப்பே கிடையாது, நம் அடுப்பில் புகுந்துதான் பெருகும். அதற்கு மருந்தே வேறு. வகுப்பில் எத்தனை முறை நடத்திய பாடம்!

போனில் சொல்ல நா எழவில்லை, இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். என்னை அப்புறம் திட்டிக்கொள். கொப்புளத்தோடு தாத்தா முத்தமிட்டார் என்று இந்த நிமிஷமே டாக்டரிடம் சொல்.

அப்பா