எந்த விகுதி போடுவது

9 பிப்ரவரி 1998

டுடோரியலில் எழுவாய்க்கு ஏற்ற வினை நடத்தினேன். பாதிப் பேர் 'மை ஃபாதர் ஆர்' என்றே எழுதியிருந்தார்கள். ஒருத்தர்தானே, 'இஸ்' போடு என்றால், "அப்பாவைப் போய் எப்படி மிஸ் ஒருமையில சொல்றது?" என்கிறாள் ரூக்ஸார். மரியாதை வேறு, எண்ணிக்கை வேறு என்றேன். பாதிப் பேருக்குப் புரியவில்லை.

12 பிப்ரவரி

தம்பி வந்திருக்கிறான். சகாதேவன். பௌர்ணமி கிரிவலக் கூட்டம் கலையாத பஸ் ஸ்டாண்டில், புடவையில்.

"இந்த வேஷத்தோட வாசப்படி மிதிக்காதே" என்று அப்பா விரட்டி ஆறு வருஷம்.

"அக்கா, இப்ப என் பேரு கஸ்தூரி. அப்பாவுக்குக் கை கால் விழுந்துடுச்சாமே. ஒரு தரம் பாக்கணும்க்கா."

டீ வாங்கிக் கொடுத்தேன். சொல்லி அனுப்புகிறேன் என்று அனுப்பிவிட்டேன். யாரை அனுப்பினேன்? அவனையா, அவளையா?

13 பிப்ரவரி

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

16 பிப்ரவரி

இன்று வகுப்பில் 'ஹீ', 'ஷீ'. நடுவில் எனக்கே குழம்பிவிட்டது. ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. அடுத்த வாக்கியம் வரைக்கும் தப்பிக்கலாம். தமிழில் அந்த வினையிலேயே மாட்டிக்கொள்கிறேன். வந்தான்? கண்ணால் பார்த்தேனே, பொய் அது. வந்தாள்? கை எழுத மாட்டேன் என்கிறது. 'வந்தார்' என்று போட்டுப் பார்த்தேன். யாரோ தாசில்தார் வந்த மாதிரி இருக்கிறது. நான் இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளைக்கு 'ஆர்' விகுதியா?

18 பிப்ரவரி

அம்மாவிடம் சொன்னேன். "வேங்கிக்கால் ஊர் பூரா சிரிக்கும்டி" என்று அழுதாள். ரொம்ப நேரம் கழித்து, "வேளாவேளைக்குச் சாப்பிடுதா அது?" என்றாள்.

அது! சுருக்கென்றது. ஆனால் சின்ன வயதில் எங்கள் இருவரையும் அப்படித்தான் சொல்வாள் — தூங்குது, அழுவுது என்று. எதை நினைத்துச் சொன்னாளோ. கேட்கப் பயமாக இருந்தது.

22 பிப்ரவரி

அம்மாதான் கூட்டிவரச் சொன்னாள்.

அப்பா பார்த்தார். வாய் கோணலாக அசைந்தது, பேச்சு வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போயிடலாம் வா என்று கையைப் பிடித்தேன். கஸ்தூரி அசையவில்லை (பெயரை எழுதிவிட்டேன்). கட்டிலடியில் உட்கார்ந்து, அப்பாவின் வலது காலை மடியில் வைத்து எண்ணெய் தடவ ஆரம்பித்தாயிற்று. அப்பா காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அது வராத கால். இழுக்க முடியாமல் இருந்தாரா, மனசில்லாமல் இருந்தாரா? ஒன்றும் புரியவில்லை எனக்கு.

26 பிப்ரவரி

தினமும் சாயங்காலம் எண்ணெய். அப்பா தினமும் சுவரைத்தான் பார்க்கிறார்.

5 மார்ச்

டுடோரியல் விட்டு வந்தபோது கஸ்தூரி எனக்கு முன்பே வந்திருந்தாள். வலது காலுக்குத் தடவி முடித்துவிட்டு எழுந்திருக்கப் போனாள். அப்பா சுவர்ப் பக்கமிருந்து திரும்பினார். இடது காலை, நன்றாக வருகிற காலை, தானாகவே மெல்ல நகர்த்தி அவள் மடியில் வைத்தார்.

கஸ்தூரி எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடித் தரையெல்லாம் துழாவினாள். பக்கத்தில்தான் இருந்தது. நீர் நிறைந்து அவளுக்குக் கண் தெரியவில்லை. அம்மா எடுத்துக் கொடுத்தாள்.