வெள்ளிக்கிழமைப் புகை

அக்கா,

இன்று காலை குன்றத்தூரில் கம்பெனி வேனில் ஏறியதும் சாம்பிராணி வாசம். வெள்ளிக்கிழமை அல்லவா, புது டிரைவர் சாமி படத்துக்குப் புகை காட்டியிருந்தார். மற்றவர்கள் கண்ணை மூடித் தூங்கத் தொடங்கினார்கள். நான் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தேன். உன் வியாதி எனக்கும் தொற்றி நாளாகிறது.

ஹாஸ்டலில் நீ எதை நம்பினாய்? பால் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பாய். பூட்டிய பூட்டைத் திரும்ப வந்து இழுத்துப் பார்ப்பாய். சூப்பர்வைசர் சிரித்தாலே, "ஓவர்டைம தலையில கட்டப் போறாரு பாரு" என்பாய். தூத்துக்குடியிலிருந்து ஒரு சந்தேகப் பேய் வந்திருக்கிறது என்று கம்பெனி லைனில் வேலை செய்தபடியே உன்னைக் கேலி பேசினோம். ஜெபமாலை உருட்டும்போதும் ஒரு கண் திறந்தேதான் இருக்கும்.

அந்த வெள்ளிக்கிழமையும் இதே வாசம்தான். சேரப்பணஞ்சேரி தாண்டியபோது வேனின் முன்பக்கம் லேசாகப் புகைந்தது. வெள்ளிக்கிழமைப் புகையை யார் சந்தேகப்படுவார்கள்? நீ என் தோளை உலுக்கினாய்.

"ஏட்டி, இது சாம்பிராணி இல்ல. தொண்டைல கசக்கு பாரு. ஒயரு கருகுது."

டிரைவர் சிரித்தார். "இன்னாமா நீ, சாமிக்குப் போட்ட பொகைக்குப் போய் பயந்துகினு கீற."

"சாமி எங்கயும் போவாது அண்ணாச்சி. வண்டிய ஓரங்கட்டி எஞ்சின ஆப் பண்ணுங்க."

எரிச்சலோடுதான் நிறுத்தினார். டிபன் பாக்ஸைத் தேடியவர்களை அதட்டி வெறுங்கையோடு இறக்கினாய். புகை வராத பக்கமாகத் தள்ளிப்போய் நிற்கச் சொன்னாய். அதற்குள் டிரைவர் தண்ணீர் பாட்டிலோடு பானெட்டைத் தூக்கப் போனார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாய்.

"தொறக்காதீய அண்ணாச்சி. காத்து உள்ள போச்சுன்னா தீ மூஞ்சிலதான் அடிக்கும்."

சீட்டுக்கடியில் தீயணைப்பு சிலிண்டர் இருந்தது. அதன் அழுத்தம் காட்டும் முள் சிவப்பில் நிற்கிறது, அவசரத்துக்கு உதவாது என்று நீ முன்பே சொல்லியும் யாரும் மாற்றவில்லை. அவரை இழுத்துக்கொண்டு நீ எங்களிடம் வந்து சேரவும் பானெட் இடுக்கில் தீ வெளியே வரவும் சரியாக இருந்தது. தீயணைப்பு வண்டி வரும்வரை ஒருவரையும் கிட்டே விடவில்லை. டிரைவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சின்னப் புகைதான் என்று கம்பெனியில் சொன்னார்கள். அதை நான் இன்றுவரை நம்பவில்லை. அடுத்து வந்த வேனில் புது சிலிண்டர் இருந்தது. நீ முள்ளைத் தட்டிப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தாய்.

இத்தனை சந்தேகப்பட்டவள், உன் நெஞ்சு எரிந்தபோது மட்டும், "கேஸாத்தான் இருக்கும்ட்டி, ஷிப்ட் முடியட்டும்" என்று எப்படி நம்பினாய்? அந்த ஷிப்ட் முடிவதற்குள் நீயே போய்விட்டாய். அதை நினைத்தால் அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது அக்கா.

இன்று படப்பைக்கு முன்னாலேயே வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி முகர்ந்தேன். வெறும் சாம்பிராணிதான். எல்லோரும் சிரித்தார்கள். திரும்ப ஏறியபோது, பக்கத்து சீட்டுக்காரி சிரிக்காமல் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

"வெறும் வயித்துல டீ குட்சேன். கேஸுக்கா, ஒண்ணுமில்ல."

ஷிப்ட் போனால் போகட்டும் என்று வேனை ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன். வாயுதான் என்றார் டாக்டர். எதற்கும் ஈசிஜியை இன்னொரு தடவை எடுங்கள் என்றேன்.